எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக நான் சேர்ந்த முதல் ஆண்டு. ஒரு பம்பின் மெக்கானிக்கல் சீல் நான்கு மாதங்களில் மூன்று முறை கசிந்தது. “சரியாகப் பொருத்தவில்லை” என்று அறிக்கை எழுதினேன். பழி, அதைப் பொருத்திய தஞ்சாவூர்க்காரர் மீது விழுந்தது. ஒரு ஞாயிறன்று தேக்காவில் எதிர்ப்பட்டவர், “தம்பி, சீல்ல குறை இல்ல, பம்பைப் பாருங்க” என்றார்.

சீலின் வேலை, தண்டு பம்பின் உறைக்குள் நுழையும் இடத்தில் திரவம் வெளியேறாமல் காப்பது. தண்டோடு சுழலும் வளையம் ஒன்று, அசையாத வளையம் ஒன்று. இரண்டும் முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும். இடையே ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமனில் திரவப் படலம். தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய அந்தப் படலம், தண்டு வளையாதவரைதான் நிலைக்கும்.

தண்டு ஏன் வளைகிறது? பம்பின் உறை நத்தை ஓடு போன்றது. வடிவமைத்த அளவில் திரவம் ஓடும்போது, உள்ளே சுழலும் இம்பெல்லரைச் சுற்றி அழுத்தம் ஏறக்குறையச் சமமாக இருக்கும். வால்வை மூடி ஓட்டத்தைக் குறைத்தால், ஒரு பக்கம் அழுத்தம் மிகுந்து இம்பெல்லரை மறுபக்கம் தள்ளும். இம்பெல்லரோ பேரிங்கைத் தாண்டி நீளும் தண்டின் நுனியில், தூண்டில் கோலில் மாட்டிய மீன்போல இருக்கிறது. அந்த நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. தண்டின் விட்டம் 20 விழுக்காடு கூடினாலோ வளைவு பாதிக்கும் கீழ். எண்ணெய்த் துறைப் பம்புகளுக்கான ஏபிஐ 610 தரநிலை, சீல் முகத்தில் தண்டின் வளைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது.

எங்கள் பம்பைத் திறந்து பார்த்தோம். கயிறு போன்ற பாக்கிங்கை அடைத்துக் கசிவைக் கட்டுப்படுத்திய காலத்து வடிவமைப்பு. நீண்ட, மெல்லிய தண்டு. அன்று பாக்கிங்கே தண்டுக்கு ஒரு தாங்கலாகவும் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சீல் பொருத்தியபோது தாங்கல் போயிற்று. போதாக்குறைக்கு, தேவைக்கு மீறிய பெரிய பம்பு என்பதால் வால்வைப் பாதி மூடியே ஓட்டினோம். நிமிடத்துக்கு 2,900 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வளையங்களின் முகங்கள் அலைக்கழிந்தன.

தேவைக்கேற்ற அளவில், குட்டையான தடித்த தண்டுடன் வேறு பம்பு வந்தது. சீலைப் பொருத்தியவர் அதே தஞ்சாவூர்க்காரர்தான். ஓராண்டு தாண்டியும் சீலை மாற்றத் தேவை வரவில்லை. என் பழைய அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, உடைந்த பாகத்தைக் கையில் எடுக்கும்போது, அதை உடைத்தது எது என்றும் கேளுங்கள். அறிக்கையில் ஒருவர் பெயரை எழுதுமுன் கட்டாயம் கேளுங்கள்.