உங்களுக்குத் தெரியுமா? கயிற்றை இழுக்கும் உரிமை யாருக்கு?

● ஸ்டாப்வாட்ச்சும் கையுமாகத் தொழிலாளியின் பக்கத்தில் நிற்பதை ஒரு ‘விஞ்ஞானம்’ ஆக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர். பெத்லஹேம் இரும்பாலையில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுமார் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டிகளை ரயில் வேகனில் ஏற்றிக்கொண்டிருந்தார். எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று கூடவே நின்று சொல்லி, அதை 47 டன் ஆக்கியதாக டெய்லர் எழுதினார். கூலி? 1.15 டாலர் 1.85 டாலர் ஆனது. பாரம் ஏறக்குறைய நான்கு மடங்கு, பணம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். யோசிப்பது ஆபீஸின் வேலை, செய்வது பட்டறையின் வேலை என்று கோடு கிழித்த அவருடைய புத்தகம் 1911-ல் வெளிவந்தது. அதே ஆண்டு, வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் ஸ்டாப்வாட்ச்சைக் கண்ட வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. அந்த 47 டன் கதையில் டெய்லரின் கைச்சரக்கு நிறையவே கலந்திருக்கிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் மவுஸ் எத்தனை நிமிடம் அசையவில்லை என்று கணக்கெடுக்கும் மென்பொருள் இப்போது விலைக்குக் கிடைக்கிறது. டெய்லர் இருந்திருந்தால் முதல் ஆளாக வாங்கியிருப்பார்.

● 1913-ல் ஃபோர்டு கார் ஆலையில் ஆட்கள் வேலையை விட்டுப் போன விகிதம் 370 சதவீதம். ஓர் இடத்தை நிரப்பி வைக்க ஒரே வருடத்தில் நான்கு பேரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அசெம்பிளி லைன் வேலை அத்தனை சலிப்பு. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு ஒரு நாள் சம்பளத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்தார். வேலை நேரத்தையும் எட்டு மணி நேரமாகக் குறைத்தார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஆனால் அந்த 5 டாலர் சும்மா வரவில்லை. குடிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணம் சேர்க்கிறாரா என்று பார்த்துவரக் கம்பெனியே வீடு வீடாக ஆள் அனுப்பியது.

● எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வேலை அத்தனையையும் விழுங்கிவிடும் என்ற ‘பார்க்கின்சன் விதி’ பிறந்தது 1955-ல். சொன்னவர் நார்த்கோட் பார்க்கின்சன். அப்போது சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். அவர் காட்டிய சாட்சி பிரிட்டிஷ் கடற்படை. 1914-ல் 62 பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன, 1928-ல் 20. அதே காலத்தில் தலைமை அலுவலக அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேர் ஆனார்கள்.

● சிகாகோ அருகே ஹாதார்ன் தொலைபேசிக் கருவி ஆலையில் 1924-ல் தொடங்கிய சோதனை எம்.பி.ஏ. படித்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது; காரணம், தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2011-ல் ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்தப் பழைய கணக்குகளைத் தேடிப் பிடித்து அலசினார்கள். கதையில் சொல்லும் அளவுக்கு எதுவும் தேறவில்லை. பாடப்புத்தகங்களில் கதை மட்டும் அப்படியே இருக்கிறது.

● உலக விமானப் போக்குவரத்தின் மிகப் பெரிய விபத்து ஒரு மேலதிகாரியை எதிர்த்துப் பேசத் தயங்கியதோடு தொடர்புடையது. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃப். ஓடுபாதையில் கடும் மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுத் தலைவர், விளம்பரங்களில் வந்த முகம். புறப்பட அவர் முதல் தடவை விசையைத் தள்ளியபோது, இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி சொன்னார். கேப்டன் நிறுத்தினார். இரண்டாவது தடவையும் தெளிவான அனுமதி இல்லாமலே கிளம்பியபோது துணை விமானி நேராகத் தடுக்கவில்லை. எதிரே வந்த பான் ஆம் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினீயர் ஒரு கேள்வி கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னதும் பேச்சு முடிந்தது. சில விநாடிகளில் இரண்டு ஜம்போ விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இன்னொன்று. சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடியே கேப்டன் வானில் வட்டமடித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதை உடனிருந்தவர்கள் ஜாடைமாடையாகச் சொன்னார்கள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. விமானம் ஊருக்குள் விழுந்து 10 பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான் 1979-ல் நாசா இதைப் பற்றி ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-ல், போர்ட்லேண்டில் விழுந்த விமானத்தின் சொந்தக்காரரான யுனைடெட் நிறுவனம் ஒரு புதுவிதப் பயிற்சியைத் தொடங்கியது. கீழே இருப்பவருக்குத் தைரியமாகச் சொல்லப் பழக்குவது பாதி, மேலே இருப்பவருக்குக் காது கொடுக்கப் பழக்குவது மீதி. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு இது கட்டாயப் பாடம். விமானம் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

● அறுவை அரங்கில் கத்தியை எடுக்கும் முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் இதுவும் ஓர் அம்சம். பெயர் சொல்லி ஒருமுறை வாயைத் திறந்துவிட்ட நர்ஸ், தப்பு நடக்கும்போது மறுபடி வாயைத் திறப்பார் என்பது கணக்கு. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாகப் பின்பற்றியபோது பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. உத்தரவு போட்டால் டிக் விழும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

● நன்றாக நடக்கும் மருத்துவக் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் 1990-களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் தன் ஆய்வைத் தொடங்கினார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம்! தோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அங்கே தவறுகளை மறைக்காமல் எழுதினார்கள். மற்ற இடங்களில் பயந்து விழுங்கினார்கள். பிற்பாடு கூகுள் தன் 180 குழுக்களை ஆராய்ந்து எது வெற்றிக்கு முக்கியம் என்று தேடியபோதும் முதலிடத்தில் வந்தது, பயமில்லாமல் வாய் திறக்க முடிகிற இதே அம்சம்தான். உங்கள் ஆபீஸ் மாதாந்திர அறிக்கையில் ‘பிரச்சினைகள்: இல்லை’ என்று வந்தால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள்.

● கயிறு கதைக்கு வருவோம். சகிச்சி டொயோடா ஜப்பானில் தறி செய்தவர். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. அறுந்த நூலோடு நெய்துகொண்டே போனால் துணி மொத்தமும் வீண் அல்லவா? அவர் மகன் தொடங்கிய கார் கம்பெனியில் இதே யோசனை ஒரு கயிறாக மாறியது. லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே டீம் லீடர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். ஓடி வருபவர் முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்பது அங்கே பழக்கம்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. குடி, சண்டை, திடீர் வேலைநிறுத்தம் எனப் பெயர் கெட்டுப்போன இடம். எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார். என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் கோளாறான கார்கள் வெளியே மைதானத்தில் சேர்ந்துகொண்டே போயின. 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தை ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தன. எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். கையில் கயிறும் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அங்கே செய்த கார்களின் தரம் ஜப்பான் கார்களோடு போட்டி போட்டது. வேலைக்கு வராதவர்கள் விகிதம் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆட்கள் சரியில்லை என்று புலம்பும் முதலாளிகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. கண்ணெதிரே இத்தனையையும் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ், மற்ற ஆலைகளில் இதைக் கொண்டுவரத் திணறியது. கயிற்றைக் கட்டிவிட்டார்கள், இழுத்தவனைத் திட்டும் சூப்பர்வைசர்களை மாற்றவில்லை. 2009-ல் கம்பெனி திவால் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் நம்மி மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இன்று டெஸ்லா கார் செய்கிறது.

● இல்லவே இல்லாத வேகத்தில் போகச் சொல்லி உத்தரவிட்டார் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் டேவிட் மார்க்கே. 1999-ல் சான்டா ஃபே கப்பலுக்குப் புதிதாக வந்தவர் அவர். பயிற்சி எடுத்ததோ வேறொரு கப்பலுக்காக. அந்த வேகம் இந்தக் கப்பலில் கிடையாது என்று தெரிந்தும் அதிகாரி உத்தரவை அப்படியே கீழே கடத்தினார். ‘சார் சொன்னார், செய்தேன்’ ரகம். மார்க்கே அன்றிலிருந்து உத்தரவு போடுவதையே குறைத்துக்கொண்டார். “நான் இதைச் செய்யப் போகிறேன்” என்று அதிகாரிகளே வந்து காரணத்தோடு சொல்ல வேண்டும் என்றார்.

● நன்றாக விற்பவரை சேல்ஸ் மேனேஜர் ஆக்கினால் என்ன ஆகும்? 214 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வின் பதில்: ப்ரமோஷன் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது, மேனேஜராகச் சறுக்குபவர்களும் அவர்கள்தான். கம்பெனி ஒரு நல்ல விற்பனையாளரை இழந்து, ஒரு சுமாரான மேனேஜரைச் சம்பாதிக்கிறது.

● கூகுள் 2002-ல் பொறியாளர்களுக்கு மேனேஜரே வேண்டாம் என்று முடிவெடுத்துப் பார்த்தது. சில மாதங்கள்தான் தாங்கியது. செலவு பில்லில் கையெழுத்து, பக்கத்து இருக்கைக்காரரோடு மனஸ்தாபம் என்று எல்லாமே நிறுவனர் லாரி பேஜ் மேஜைக்கு வந்து சேர்ந்தன. பிறகு எது நல்ல மேனேஜரின் குணம் என்று அவர்களே தரவுகளை அலசி எட்டு அம்சங்களைக் கண்டார்கள். எட்டாவது இடம் எதற்குத் தெரியுமா? தொழில்நுட்ப அறிவுக்கு.

● மேனேஜர் இல்லாமல் நடக்கவே நடக்காதா என்றால், நெதர்லாந்தின் ப்யூர்ட்ஸோர்க் இருக்கிறது. வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்பு. யோஸ் டெ ப்லோக் என்ற ஆண் செவிலியர் 2006-ல் தொடங்கினார். முதல் குழுவில் நான்கே பேர். இன்று சுமார் பத்தாயிரம் செவிலியர்கள். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கிடையாது. யாரை வேலைக்கு எடுப்பது, யார் எப்போது லீவு, எந்தத் தெருவில் அலுவலகம் எல்லாம் குழுவே தீர்மானிக்கிறது. தலைமை அலுவலகத்தில் இருப்பது ஐம்பது பேர் அளவில். சிக்கல் வந்தால் ஆலோசனை சொல்லப் பயிற்றுநர்கள் உண்டு, அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. இதே ஆசையில் அமெரிக்கச் செருப்புக் கடை ஸாப்போஸ் பதவிகளை ஒழித்தது. பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று 2015-ல் சொன்னபோது ஏழில் ஒருவர் கிளம்பிவிட்டார். பின்னர் அந்தக் கடை சத்தமில்லாமல் பின்வாங்கியது.

● தரக் கட்டுப்பாட்டின் குரு எட்வர்ட்ஸ் டெமிங், வருடாந்தர அப்ரைசலை நிர்வாகத்தின் கொடிய நோய்களில் ஒன்றாக எழுதி வைத்தவர். ஜப்பானில் அவர் பெயரால் 1951 முதல் வழங்கப்படும் பரிசை வென்ற முதல் இந்திய நிறுவனம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஆண்டு 1998. ஊழியர்களை வரிசைப்படுத்தி, ஒரு பகுதியினரைக் கட்டாயமாகக் கடைசியில் தள்ளும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-ல் கைவிட்டது. டெமிங் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஏப்ரல் வந்ததும் பெல் கர்வ் போடும் கம்பெனிகளுக்கு நம் ஊரில் குறைவில்லை.

● வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் வேலை கெடும் என்பது மேனேஜர்களின் ஊகம். சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனம் 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்துச் சோதித்தது. வேலையின் தரத்தில் வித்தியாசம் இல்லை. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சோதனைக்கு முன் உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் விழும் என்று சொன்ன மேனேஜர்கள், முடிந்தபின் 1 சதவீதம் கூடும் என்றார்கள்.

● கடையில் நாள் முழுக்க நிற்கும் ஊழியருக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி, 2018-ல் கேரளத்தில் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை போட்டே ஆக வேண்டும். அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது கல்லாவைத் தவிர வேறு எங்காவது ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடமே கேளுங்கள்.