பாலம் வந்தது, வயல் வரவில்லை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்கள் பலருக்கு வீடு இக்கரையில், வயல் அக்கரையில். எங்கள் வாப்பாவுக்கும் அப்படித்தான். மண்முனைத் துறையால் அக்கரை போனால், சூடடித்து முடியும்வரை வாடியில்தான் படுக்கை. பக்கத்து வயல் தமிழ் விவசாயியும் அவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டியவர்கள்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அதற்குப் பிறகு எங்கட ஆக்கள் அக்கரைக்குப் போகவில்லை. 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது, 2014இல் மண்முனைப் பாலமும் திறந்தார்கள். காணிதான் திரும்பவில்லை.

காரணம் துவக்கு அல்ல, சட்டம். தனியார் காணியொன்றை இடையூறில்லாமல் பத்து வருடம் தனதாக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்கிறது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். சொந்தக்காரன் உயிருக்குப் பயந்து போகாதிருந்த 17 வருடமும் அவனுக்கே எதிராக நின்றது. இதைத் திருத்த 2016இல் 5ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களால் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணக்கில் சேராது. நல்ல சட்டம்தான், ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உறுதி தொலைந்தவன் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, நில அளவையாளரைப் பிடித்து, அப்புக்காத்துக்குக் காசு தேடுவதற்குள் தவணை முடிந்துவிட்டது. (அப்படியொரு சட்டம் வந்ததே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது.)

இன்று அந்த வயலைச் செய்பவரும் யுத்தத்தில் நொந்தவர்தான். யாரோ எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை நம்பிக் காசு கொடுத்தவர்களும் உண்டு. அவர்களை எழுப்பிவிட்டுக் காணி தா என்று கேட்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. இரு பக்கத்தாரையும் இருத்திப் பேசி, மாற்றுக் காணியோ நட்டஈடோ கொடுக்க வேண்டியது அரசாங்கம்.

நட்டம் நெல்லோடு நிற்கவில்லை. நம் பகுதியில் பெண்பிள்ளைக்குக் காணிதானே சீதனம். ராத்தாவுக்கென்று வைத்த மூன்று ஏக்கரும் அங்கேதான் கிடந்தது. அவவின் கலியாணம் நாலு வருடம் பிந்தியது.

பாலம் திறந்த பிறகு வாப்பாவை ஒருநாள் கூட்டிப் போனேன். வரம்பில் நின்று கனநேரம் பார்த்தார்.

“உறுதி இரிக்கி மகன், இறங்கத்தான் ஏலா.”

வயலில் நின்றவர் எங்களைக் கண்டு வந்து, யாரென்று கேளாமலே இரண்டு குரும்பை வெட்டித் தந்தார். வாப்பா குடித்தார். தான் யாரென்று அவரும் சொல்லவில்லை.