கல்லாவும் வயதும்

30 வருடமாகப் பற்று வரவை மனதிலேயே வைத்திருந்த பெரியவர், இன்று வாடிக்கையாளர் பெயருக்கே தடுமாறுகிறார். கல்லாவை மகனிடம் ஒப்படைக்க வேண்டியதுதானா? அவசரம் வேண்டாம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956-இல் வார்னர் ஷாயி என்ற உளவியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்கள் மீண்டும் சோதிக்கப்பட்டனர். வயது ஏற ஏற வேகம் முதலில் குறைகிறது. சொல்லறிவு போன்றவை 60-ஐத் தாண்டியும் பெரும்பாலும் நிலைக்கின்றன என்று தெரியவந்தது.

2009-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, கடன் வாங்கியோரின் கணக்குகளைப் பார்த்தது. தேவையற்ற வட்டியும் கட்டணமும் கொடுத்து ஏமாறுவது ஏறத்தாழ 53 வயதில்தான் மிகக் குறைவு! இளையவருக்கு அனுபவம் போதவில்லை. முதியவருக்கு வேகம் போதவில்லை.

ஆகவே சரக்கின் தரமும் ஆளின் நாணயமும் பார்ப்பது பெரியவர் பொறுப்பாகவே இருக்கட்டும். கூட்டலையும் காலாவதித் தேதியையும் இளையவர் சரிபார்க்கட்டும். கடன் பாக்கியை அன்றன்றே பேரேட்டில் எழுதிவிடுங்கள். புதிய ஒப்பந்தம் எதுவானாலும் ஒரு நாள் பொறுத்துக் கையெழுத்திடுங்கள்.

பெயர் மறப்பது வயதின் இயல்பு. ஆனால் தினமும் வரும் வழியே மறந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.