கேபிளும் வைஃபையும் சேர்ந்தால்

லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை ஓடிக்கொண்டிருக்கும்போதே லேன் கேபிளையும் செருகினால் வேகம் இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. இரண்டு இணைப்பும் உயிரோடு இருக்கும். ஆனால் இணையத்துக்குப் போகிறதெல்லாம் கேபிள் வழியாகத்தான் போகும்.

காரணம் தெரிய வேண்டுமா? டெர்மினலைத் திறந்து 'ஐபி ரூட்' என்ற கட்டளையைக் கொடுங்கள். 'டிஃபால்ட்' என்று தொடங்கும் இரண்டு வரிகள் வரும். கேபிளுக்கான வரியில் 'மெட்ரிக் 100' என்றும், வைஃபைக்கானதில் 'மெட்ரிக் 600' என்றும் இருக்கும். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் போடும் எண்கள் இவை. எண் குறைந்த வழிக்கே முன்னுரிமை. கேபிளை உருவினால் 100 வரி மறைந்து, 600 பொறுப்பேற்கும். ஐபி முகவரி மாறிவிடுவதால், நடுவில் இருந்த டவுன்லோடு அறுந்துபோகலாம்.

சிக்கல் அலுவலகத்தில் வரும். கேபிளில் பிரிண்டரும் ஃபைல் சர்வரும் மட்டும், இணையம் கிடையாது. இணையத்துக்கு செல்போன் ஹாட்ஸ்பாட். கேபிளைச் செருகியதும் பிரவுசர் நின்றுவிடும், திட்டு பாவம் ஹாட்ஸ்பாட்டுக்கு விழும்! இணையம் எட்டாத இணைப்பின் மெட்ரிக்கில் 20000 கூட்டிப் பின்னுக்குத் தள்ளும் வசதி நெட்வொர்க்மேனேஜரில் உண்டு. அதையே நம்பியிருக்க வேண்டாம். கேபிள் இணைப்பின் செட்டிங்ஸில் ஐபிவி4 பக்கத்துக்குப் போய், 'இந்த இணைப்பை அதன் நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்து' என்ற பொருளில் இருக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். கேபிளின் டிஃபால்ட் வரி போய்விடும். பிரிண்டருக்குப் போகும் வரி மட்டும் நிற்கும். குறிப்பான முகவரிக்கு வரி இருந்தால் லினக்ஸ் அதைத்தான் எடுக்கும். டிஃபால்ட் கடைசிப் புகலிடம். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் 192.168.1 என்றே தொடங்கும் முகவரிகள் இருந்தால் இந்த ஏற்பாடு குழம்பும்.

இரண்டையும் நிஜமாகவே சேர்த்து ஓட்ட வழி இல்லாமல் இல்லை. ஒரே ரவுட்டர் என்றால் 'பாண்டிங்' செய்து, ஒன்று விழுந்தால் மற்றது அதே ஐபி முகவரியோடு தொடரும்படி அமைக்கலாம். அதில் கிடைப்பது பாதுகாப்பு, வேகமல்ல. ஒரே தொடர்பை இரண்டு வழியிலும் பிரித்து அனுப்பும் மல்டிபாத் டிசிபி, 2020இல் கெர்னல் 5.6 முதல் லினக்ஸில் இருக்கிறது. ஆனால் எதிர்முனை சர்வருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்; பெரும்பாலான தளங்களுக்குத் தெரியாது.

ஆகவே வீட்டில் வேகம்தான் வேண்டுமென்றால், கேபிளைச் செருகிவிட்டு வைஃபையை அணையுங்கள். பேட்டரியாவது கொஞ்சம் மிஞ்சும்.