மூளையுறையில் பரவும் புற்றுநோய்

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. உள்ளிருக்கும் மெல்லிய இரண்டுக்கும் நடுவே நீர் ஓடுகிறது; மூளையின் உள்ளறைகளில் இருப்பதையும் சேர்த்தால் அது சுமார் 150 மில்லி. மார்பகம், நுரையீரல், மெலனோமா புற்றுநோய்களின் செல்கள் சில சமயம் அந்த நீரில் இறங்கிவிடும். ரத்தப் புற்றுநோயிலும் இது நேரும். செல்கள் நீரோடு அலைவதால் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, முகம் ஒரு பக்கம் கோணுதல், கால் தளர்ச்சி என்று சம்பந்தமில்லாத தொல்லைகள் சேர்ந்து வரும்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் இப்படிப்பட்ட தொல்லைகளோடு வந்தால், மூளைக்கும் முதுகெலும்பு முழுவதற்கும் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுப்பதே முறை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது அதன் பிறகுதான். முந்திக்கொண்டால் ஊசி போட்டதாலேயே உறை படத்தில் பளிச்சென்று தெரிந்து குழப்பும்.

எடுத்த நீர் 10 மில்லியாவது இருக்க வேண்டும், உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வார்டு மேசையில் கிடந்தால் செல்கள் சிதைந்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தாலும் முதல் முறையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் புற்றுச் செல் கண்ணில் படும். ஆகவே 'செல் இல்லை' என்ற முடிவை 'நோய் இல்லை' என்று படிக்கக் கூடாது. மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. புரதம் கூடி, சர்க்கரை குறைந்த நீர் இந்த நோயில் வருவதுபோலவே காசநோய் மூளைக்காய்ச்சலிலும் வரும்.

ரத்தத்தில் ஏற்றும் மருந்துகள் பல இந்த நீரை எட்டுவதில்லை. அதனால் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை முதுகு வழியே நேராக நீருக்குள் செலுத்துகிறார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நோய் உறைக்குப் போகும் முன்பே, தடுப்பாக இதைக் கொடுப்பது வழக்கம். அவர்களில் பலர் குணமாவதற்கு அதுவும் காரணம். அடிக்கடி ஊசி வேண்டாமென்றால் தலைத்தோலுக்கடியில் ஒரு சிறு குமிழைப் பதித்து, அதன் குழாயை மூளையின் நீரறைக்குள் விடலாம். பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த அயூப் ஓமாயா 1963-ல் அறிமுகப்படுத்திய கருவி அது. வலியோ தளர்ச்சியோ உள்ள இடத்துக்குக் கதிர்வீச்சு தருவார்கள். மரபணு மாற்றத்தைப் பொறுத்து, சில நுரையீரல் புற்றுநோய்களுக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை நன்றாகவே கேட்கிறது.

கட்டிவகைப் புற்றுநோய்கள் உறையில் பரவிய பிறகு, சிகிச்சையில்லாவிட்டால் ஆயுள் வாரக்கணக்குதான். சிகிச்சையோடும் பெரும்பாலும் மாதக்கணக்கே. நீர் தேங்கி அழுத்தம் ஏறினால் அதை வயிற்றுக்கு வடிக்கும் குழாய் வைத்தாலே தலைவலி அடங்கும். வலிக்கு மார்ஃபின் தருவதைப் புற்றுநோய்ச் சிகிச்சையோடு கூடவே தொடங்கலாம். 2003-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாலியம் இந்தியா இத்தகைய வலித்தணிப்புப் பராமரிப்பைத் தருகிறது.