திருமலையில் இராத்தங்கல்

வண்டி ஏற முடியாத மலையுச்சியில் இருந்துகொண்டு, நடந்து வருபவர்க்கு மட்டுமே இடம் தரும் விடுதிகள் உலகில் இன்றும் சில உள்ளன. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரில் 1926இல் தொடங்கப்பட்ட லெகாண்ட் விடுதிக்கு இன்றுவரை சாலை இல்லாததால், அதற்கு வேண்டிய உணவுப் பொருள்களும் துணிகளும் ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமா என்னும் விலங்கின் முதுகிலும் மேலே போகின்றன. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,800 அடி உயரத்தில் உள்ள திருமலையும், முதல் மலைச்சாலை திறக்கப்பட்ட 1944 ஏப்ரல் வரை இத்தகைய ஊராகவே இருந்தது. நடக்க இயன்றவர் நடந்தும் இயலாதவர் டோலியில் சுமக்கப்பட்டும் மேலே வந்தனர். ஏறிய அன்றே தரிசனம் முடித்து இறங்குவது பலருக்குக் கைகூடாததால் மலையில் ஓர் இரவைக் கழிப்பது யாத்திரையோடு ஒட்டிப் பிறந்ததாக இருந்தது.

அந்த இரவு எளிதானதாகக் கருதப்படவில்லை என்பதற்கு வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் ஒரு செய்தியே போதும். திருவரங்கத்தில் சீடர்களுக்குத் திருவாய்மொழியின் பொருளை விளக்கிக்கொண்டிருந்த இராமானுசர், வேங்கடம் என்னும் இத்திருமலையில் குடியிருந்து நந்தவனம் அமைத்து மலர்த்தொண்டு செய்ய முன்வருபவர் உண்டா என்று கேட்டபோது, அம்மலையின் குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சி மற்றவர்கள் வாளாவிருக்க, அனந்தன் என்னும் சீடர் மட்டும் எழுந்து நின்றாராம். அவரை ஆசிரியர் ‘ஆண்பிள்ளை’ என்று பாராட்டியதால் அனந்தாண்பிள்ளை என்ற பெயர் நிலைத்தது என்பர். நந்தவனத்துக்கு நீர் தேக்க அவர் ஏரி வெட்டியபோது கையாண்டது என்று காட்டப்படும் கடப்பாரை கோயிலின் மகாதுவாரச் சுவரில் உயரத்தில் இன்றும் மாட்டப்பட்டிருக்கிறது. அது சிறுவன் உருவில் வந்த பெருமாளின் மோவாயில் பட்ட கதையையும், அதனால் மூலவரின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தும் வழக்கம் வந்ததையும் எல்லோரும் சொல்வர். மலையில் தங்குவதற்கே ஒரு துணிவு வேண்டியிருந்தது என்ற முற்பகுதி அதன் நிழலில் மறைந்துவிடுகிறது.

மேலே செல்லும் நடைவழிகள் இரண்டு. சந்திரகிரிக்கு அருகே சீனிவாசமங்காபுரத்துப் பக்கத்திலிருந்து தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு சுமார் 2,400 படிகளைக் கொண்டது. நீளம் குறைவு, ஏற்றம் கடுமை. திருப்பதி அடிவாரத்து அலிபிரியிலிருந்து செல்லும் வழி சுமார் 9 கிலோமீட்டர் நீண்டு, 3,550 படிகளைக் கடக்கிறது. காலி கோபுரம் வரை படிகள் செங்குத்தாக ஏறி, அதன்பின் நெடுந்தொலைவு சமதரையாகக் கிடந்து, இறுதியில் தமிழர்கள் முழங்கால் முறிச்சான் என்று பெயரிட்ட ஏற்றத்தில் மறுபடியும் நிமிர்கின்றன. மலையைக் காலால் மிதிக்கத் தயங்கிய இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்ற மரபு அவ்விடத்தோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. வேண்டுதல் உடையவர்கள் படிக்குப் படி குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றிச் செல்வதால் கற்களின் விளிம்புகள் சிவந்தும் மஞ்சளாகியும் கிடக்கும். பெட்டி படுக்கைகளை அலிபிரியில் ஒப்படைத்தால் தேவஸ்தானமே கட்டணமின்றி மலைமேல் சேர்த்துவிடுகிறது.

இப்படிக் களைத்து வந்தவர்களுக்கு உணவும் ஒதுங்க இடமும் தரும் ஏற்பாடு, சாலைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பெரும்பாலும் தமிழில் அமைந்த திருமலைக் கல்வெட்டுகள், 15ஆம் நூற்றாண்டில் சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன் இராமானுசகூடங்கள் என்னும் அன்னசாலைகளை நிறுவியதையும், அவற்றின் நிர்வாகம் கந்தாடை இராமானுச ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் தெரிவிக்கின்றன. பிற்காலத்தில் மடங்கள் பெருகின. அவற்றுள் முதன்மையானது, பெருமாளோடு சொக்கட்டான் ஆடியதாகக் கதை வழங்கும் வடநாட்டு அடியார் ஹாதிராம் பாவாஜியின் பெயரால் அமைந்த மடம். கிழக்கிந்தியக் கம்பெனி 1843இல் கோயில் நிர்வாகத்திலிருந்து விலகியபோது பொறுப்பை இம்மடத்தின் தலைவர்களான மகந்துகளிடமே விட்டது. சென்னை மாகாணத்தின் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமலை திருப்பதி தேவஸ்தானம் பொறுப்பேற்கும் வரை அவர்கள் ஆட்சியே நடந்தது.

சாலை வந்தபின் கணக்கு தலைகீழானது. 1974இல் ஏறுவதற்கென இரண்டாவது சாலையும் திறக்கப்பட்டு, போக்குவரத்து ஏறவும் இறங்கவும் தனித்தனியாகப் பிரிந்ததும், தங்கியே ஆகவேண்டிய கட்டாயம் போய், தங்குவதற்கு இடம் கிடைக்குமா என்ற கவலை வந்தது. கூட்டத்துக்கு இடம் தேடும் திட்டத்தில் பழமைக்கும் இழப்பு நேர்ந்தது; கோயிலுக்கு எதிரே 15ஆம் நூற்றாண்டு முதல் நின்ற ஆயிரங்கால் மண்டபம் 2003இல் இடிக்கப்பட்டதை நெரிசல் என்ற ஒரே காரணத்தைக் காட்டி நியாயப்படுத்திவிட முடியாது.

இன்று மலையில் உள்ள அறைகள் 7,000க்கு மேல். சாதாரண நாள்களிலேயே வருவோர் 60,000 பேரைத் தாண்டுவதால் பெரும்பாலோருக்கு அவை எட்டுவதில்லை. இணையத்தில் முன்பதிவு செய்யாதவர், சி.ஆர்.ஓ. என்று அழைக்கப்படும் மைய வரவேற்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் அறையும் பொதுவாக 24 மணி நேரத்துக்கே. அறை அமையாதவருக்கு யாத்ரிகர் வசதி வளாகங்கள் உண்டு; பொருளை வைக்க லாக்கரும், படுக்கப் பாயும், குளிக்க இடமும் அங்கே இலவசம். வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் சாப்பாட்டுக்கும் பணமில்லை. மேலே தங்கியவருக்குக் கிடைக்கும் தனிப்பேறு சுப்ரபாதம். விடியற்காலை 3 மணியளவில் பெருமாளைத் துயிலெழுப்ப ஓதப்படும் இத்துதி, மார்கழியில் மட்டும் ஆண்டாளின் திருப்பாவைக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது.

நடந்து வருபவர் நேரம் பார்த்தே புறப்பட வேண்டும். இம்மலைகள் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியாகையால் சிறுத்தையும் கரடியும் நடைவழியருகே நடமாடுகின்றன. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானபின், பிற்பகலுக்கு மேல் குழந்தைகளை அழைத்துச் செல்லத் தடை விதிக்கப்பட்டு, ஏறுவோர் கையில் தடியும் கொடுக்கப்பட்டது. ஸ்ரீவாரி மெட்டு வழியோ மாலையோடு மூடப்பட்டுவிடும். ஆகவே காலையில் ஏறத் தொடங்கி, நண்பகலுக்குள் மேலே சேர்ந்து, வெயில் தாழுமுன் அறைக்கோ லாக்கருக்கோ பதிந்துகொள்வதே குடும்பத்தோடு நடப்பவர்க்கு உகந்தது.