விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி... விமான எரிபொருளைத் தின்னும் கதை!

பர்ஸிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துப் பாருங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். விமான இன்ஜினுக்குள் ஓர் இடைவெளியை இந்த அளவு குறைத்தாலே எரிபொருள் செலவு சுமார் 1 சதவிகிதம் குறையும் என்கிறது, நாசா 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை. '1 சதவிகிதம்தானே!' என்று தோன்றலாம். எரிபொருளுக்கே பெரும்பணம் கொட்டும் விமான நிறுவனங்களுக்கு அது கோடிகள்.

அது என்ன இடைவெளி?

ஜெட் இன்ஜினில் எரிந்த வாயு சீறி வந்து டர்பைன் பிளேடுகளைத் தள்ளும். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்த பிளேடுகள், நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியவை. அவற்றைச் சுற்றி வட்டமாக ஓர் உறை. பிளேடின் நுனி உறையில் உரசக் கூடாது. அதனால் நடுவே மெல்லிய சந்து விட்டிருப்பார்கள்.

சிக்கல் அந்தச் சந்தில்தான். பிளேடின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. கேஸ்கெட் தேய்ந்த குக்கரில் ஆவி எப்படி இடுக்கு பார்த்து வெளியேறுமோ, அதேபோல வாயு நுனி வழியாக மறுபக்கம் பாய்ந்துவிடும். பிளேடைத் தள்ளாமலே தப்பித்த வாயு அது. போன வாயு சும்மாவும் போகாது. மறுபக்கம் சுழலாகச் சுருண்டு, ஒழுங்காகப் போகும் ஓட்டத்தையும் கலைத்துவிடும். பல டர்பைன்களில் மொத்த இழப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு இந்தக் கசிவே காரணம்.

'சந்தை இன்னும் குறைத்துவிட வேண்டியதுதானே?' அங்கேதான் இடிக்கிறது. டேக்-ஆஃபில் இன்ஜின் வேகமெடுத்ததும் சுழல் விசையாலும் சூட்டாலும் பிளேடு நீளும். உறை சூடாகி விரிவதற்குள் சந்து சட்டென்று சுருங்கும். உரசினால் நுனி தேயும். பிறகு நிரந்தரமாகவே கசிவுதான். வானில் நிதானமாகப் பறக்கும்போது உறைமேல் குளிர்ந்த காற்றை ஊதி அதைச் சுருக்கும் ஏற்பாடு பல இன்ஜின்களில் உண்டு.

எட்டிப் பார்க்க முடியாது!

உள்ளே வரும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடின் உலோகமே உருகிவிடும் சூடு! உள்ளுக்குள் குளிர்காற்று ஓடுவதால்தான் பிளேடு தாக்குப்பிடிக்கிறது. அந்தச் சூட்டில், அந்த வேகத்தில், அந்தச் சந்தில் என்ன நடக்கிறது என்று கேமரா வைத்துப் பார்ப்பது எளிதல்ல. அதனால் கம்ப்யூட்டரை நாடினார்கள்.

பிளேடைச் சுற்றியுள்ள வெளியைக் கோடிக்கணக்கான குட்டிக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம், வேகம், வெப்பம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். அந்த மெல்லிய சந்துக்குள்ளேயே பல அடுக்குக் கட்டங்கள் வேண்டும். அங்கே கஞ்சத்தனம் காட்டினால் கசிவின் அளவே தப்பாக வரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டென்டன் போன்றவர்கள் 1970-களிலேயே டர்பைன் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய செல்போனுக்கு இருக்கும் வேகம்கூட அன்றைய கம்ப்யூட்டர்களுக்குக் கிடையாது.

சிமுலேஷனின் பெரிய வசதி, நிஜத்தில் செய்ய முடியாததையும் செய்து பார்க்கலாம். உதாரணமாக, பிளேடின் பார்வையில் உறைதான் எதிர்த்திசையில் ஓடுகிறது. டர்பைனில் இந்த ஓட்டம் கசிவைக் கொஞ்சம் தடுக்கும். நிற்கும் பிளேடுகளை வைத்து நடத்தும் சோதனைகளில் பெரும்பாலும் இது தெரியாமல் போகும். கம்ப்யூட்டரில் உறையை ஓடவிட்டும் பார்க்கலாம், நிறுத்தியும் பார்க்கலாம்.

நுனியின் வடிவத்தை மாற்றுவதும் இப்படித்தான். தட்டையாக விடாமல், நுனியில் குழி வைத்து ஓரத்தில் மட்டும் வரப்பு கட்டினால், கசியும் வாயு குழிக்குள் சுழன்று வேகம் இழக்கும். வரப்பு எவ்வளவு உயரம், எந்த இடத்தில் திறப்பு என்று பல வடிவங்களை உலோகத்தை வார்க்காமலே திரையில் ஒப்பிடுகிறார்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. கொந்தளிப்பான ஓட்டத்தை முழுசாகக் கணக்கிட்டால் சூப்பர் கம்ப்யூட்டருக்கே நாக்குத் தள்ளும். அதனால் குறுக்குவழிச் சமன்பாடுகளைப் பயன்படுத்துகிறார்கள். சுழல் எங்கே உருவாகும் என்பதை அவை ஓரளவு சரியாகச் சொல்லும். அது எப்படிக் கலைந்து கரையும் என்பதில் தடுமாறும். அதனால்தான் பெரிதாக்கிய பிளேடு மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து இன்றும் அளக்கிறார்கள்.

இன்னொரு தலைவலியும் உண்டு. கம்ப்யூட்டரில் இருப்பது பெரும்பாலும் புத்தம் புது பிளேடு. பல ஆயிரம் மணி நேரம் பறந்த பிளேடின் நுனியோ தேய்ந்து, கருகி, மேடுபள்ளமாக இருக்கும். இப்போது சில ஆய்வுக் குழுக்கள் அப்படிப்பட்ட பழைய பிளேடுகளை ஸ்கேன் செய்து, அந்தத் தேய்மானத்தோடே சிமுலேஷனில் ஓடவிடுகின்றன.